மாயாவியின் கை யாருடைய கை?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், நாம் பணியாற்றும் கல்லூரியின் தமிழ்த்துறைக்கு மாணவர் மூவர் ஒரு விண்ணப்பத்துடன் வந்தனர். முத்தமிழ் மன்ற ஆண்டு விழாவில் தாங்கள் எடுத்த குறும்படம் ஒன்றைத் திரையிட அனுமதி வேண்டும் என்பது விண்ணப்பத்தின் சாரம். படத்தின் பெயர் 'இரும்புக்கை'. கைப்பேசியில் எடுக்கப்பட்டது. ஓடும் நேரம் பதினெட்டு நிமிடம். செலவு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்றும், அதில் பாதி சாப்பாட்டுக்கே போயிற்று என்றும் அவர்களே நேர்மையாக எழுதியிருந்தார்கள்.

முழுவதும் படித்து முடிக்குமுன்பே நாம் சிரித்துவிட்டோம். சிலம்பும் கம்பனும் பேசப்படும் மேடையில் இரும்புக்கை மாயாவிக்கு என்ன வேலை என்று கேட்டோம். "ஒருமுறை பாத்துட்டுச் சொல்லுங்கய்யா" என்றான் ஒருவன். நேரமில்லை என்றோம். அவர்கள் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று நாம் செய்தது இலக்கியத் தரத்தைக் காத்த செயல் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்று உணர்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இரும்புக்கை மாயாவியை அம்மாணவர்களைக் காட்டிலும் நெருக்கமாக அறிந்தவர்கள் நாம்தாம். தளவானூரிலிருந்து செஞ்சிக்குப் பேருந்தேறிப் போகும் நாள்களில், பழைய புத்தகக் கடையில் கட்டுக்கட்டாய்க் கிடந்த சிவகாசிப் பதிப்புகளை நின்றபடியே படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது இரும்புக்கை மாயாவியைத்தான். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. தினத்தந்தியின் கன்னித்தீவோ 1960இலேயே தொடங்கிவிட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து சரளமாகப் படிப்பதற்கு நம்மில் பலரை அழைத்துச் சென்றவை இவையே. முதுகலைத் தமிழ் படித்த பின் இவற்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். ஏழை உறவினரைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோகும் மனநிலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

மாயாவியின் கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்ல வேண்டும். 1962இல் 'வேலியண்ட்' என்னும் பிரிட்டிஷ் வார இதழில் தோன்றியவன் அவன். கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். லூயிஸ் கிராண்டெல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தில் வலக்கையை இழக்கிறான். அவனுக்கு எஃகுக் கை பொருத்தப்படுகிறது. பின்னர் நேரும் இன்னொரு விபத்தில் கடுமையான மின்சாரம் பாய, உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, எஃகுக் கை மட்டும் வெளியில் மிதக்கிறது. அதன்பின் மின்சாரம் பட்டால் மறைவான். சற்று நேரத்தில் மறுபடி தென்படுவான். தொடக்கக் கதையில் அவன் நல்லவனுமல்லன். பிற்பாடுதான் நாட்டுக்காக உழைக்கும் உளவாளியாகிறான். சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்து இங்கு அவன் பெற்ற புகழ் பெரிது.

படமெடுப்பவர் கண்ணால் இக்கதையைப் பார்த்தால் ஒன்று உடனே புலப்படும். உலகில் இவனைவிடச் செலவு குறைந்த சாகச நாயகன் இருக்க முடியாது. பறக்க வேண்டியதில்லை. மலையைத் தூக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நேரம் திரையில் அவனே இல்லை. ஒரு கை போதும். அப்படியிருந்தும் இரும்புக்கை மாயாவியைத் திரைக்குக் கொண்டுவரும் பேச்சு தமிழ்த் திரையுலகில் எழும்போதெல்லாம் அது பெருஞ்செலவுத் திட்டமாகவே பேசப்பட்டது. லோகேஷ் கனகராஜ் நடிகர் சூர்யாவை மனத்தில் வைத்து அப்பெயரில் ஒரு கதையை ஆக்கி, பின்னர் ஒதுக்கிவைத்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காணாமற்போகும் ஒருவனைக் காட்டுவதற்கு இத்தனை பொருள் ஏன் தேவைப்படுகிறது என்னும் கேள்வியே நம்மை மேலும் யோசிக்கத் தூண்டியது.

கேள்விக்கு விடை தேடுமுன் அம்மாணவர்களின் படத்துக்குத் திரும்புவோம். அதை நாம் கண்டது கல்லூரியில் அன்று. மறு ஆண்டு கோடையில் செஞ்சிக்குப் பக்கத்து ஊரொன்றில் பாரத விழா. இரவு கூத்துக்குப் போயிருந்தோம். கூத்து தொடங்கும் முன், ஊர்ப் பிள்ளைகள் எடுத்த படம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினார்கள். நாம் நிராகரித்த அதே படம். எழுந்து போக வழியில்லாத கூட்டம். உட்கார்ந்து பார்த்தோம்.

அதில் வரும் இளைஞன் கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்கிறான். இயந்திரத்தில் கை போய்விடுகிறது. ஊர்க் கொல்லர் சைக்கிள் உதிரிகளையும் தகரத்தையும் கொண்டு அவனுக்கு ஒரு கை செய்துகொடுக்கிறார். மழைநாளொன்றில் மின்மாற்றிக் கம்பியில் அக்கை பட, அவன் மறைந்துபோகிறான். மாணவர்கள் இதைக் காட்டிய விதம் எளியது. நடிப்பவனுக்குத் தலைமுதல் கால்வரை கறுப்புத் துணியைச் சுற்றி, நள்ளிரவில் கறுப்புப் படுதாவுக்கு முன் நிறுத்தி, வெள்ளிச் சாயம் பூசிய கையில் மட்டும் விளக்கடித்திருக்கிறார்கள். வேட்டித் திரையில் ஒரு கை தனியே நகர்ந்து வந்தபோது, முன்வரிசைக் குழந்தைகள் வாய்விட்டு அலறினார்கள்.

அவன் மறைந்து எங்கே போகிறான் என்பதுதான் கதை. கிரஷர் முதலாளியின் அலுவலறைக்குப் போகிறான். பணப்பெட்டியைத் தொடவில்லை. வேலையாட்களின் வருகைப் பதிவேட்டைத் தேடுகிறான். ஏட்டைப் புரட்டினால் அதில் அவன் பெயரே இல்லை. அவன் அங்கே வேலை செய்ததற்குச் சான்று எதுவுமில்லை. ஆகவே இழப்பீடும் இல்லை. அந்நேரம் பார்த்து மின்சாரம் போய்விடுகிறது. மின்விசிறி நிற்கிறது, இருட்டில் அவன் உடல் மெல்லத் தென்படத் தொடங்குகிறது. காவலாளியின் காலடி கேட்கிறது. ஓடிப்போவதை விட்டு, அந்த இரும்புக் கையாலேயே பேனாவைப் பிடித்து, கோணல்மாணலாகத் தன் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறான். படம் அங்கே முடிகிறது.

மின்வெட்டு வந்தபோது கூட்டம் சிரித்தது. பெயரை எழுதியபோது அமைதியாயிற்று. நமக்கு அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "எங்கூட்டுப் பெரியவனுக்கும் இப்படித்தாங்க ஆச்சு" என்றார். எது ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

தொழிலில் கையிழந்தவனுக்கு இழப்பீடு தரவேண்டும் என்று 1923 முதலே இந்நாட்டில் சட்டம் உண்டு. ஆனால் இழப்பீட்டைக் கேட்பவன், தான் அங்கே வேலை பார்த்தவன் என்பதை முதலில் நிலைநாட்டியாக வேண்டும். ஏட்டில் பெயரில்லாதவன் சட்டத்தின் கண்ணுக்கும் தெரியாதவன். அவன் உடைத்த கல்லும் போட்ட சாலையும் தெரியும், அவன் தெரியமாட்டான். கை மட்டும் தெரிந்து ஆள் தெரியாத மனிதன் என்னும் பிரிட்டிஷ் கற்பனையை இருபது வயதுப் பிள்ளைகள் மூவர் தம் ஊரின் மெய்யாக மாற்றிவிட்டிருந்தார்கள். இதைத்தான் மேடைக்குத் தகாதது என்று நாம் திருப்பியனுப்பினோம்.

பல கோடி செலவிடும் படங்களுக்குக் கிட்டாத ஒன்று இப்பதினெட்டு நிமிடப் படத்துக்கு எவ்வாறு கிட்டியது? ஆர்வம், உழைப்பு என்பன போன்ற பொதுச்சொற்கள் இதற்கு விடையாகா. நமக்குப் பட்டது இது: சாகச நாயகனின் ஆற்றல் என்பது ஓர் ஊரின் இல்லாமையிலிருந்து பிறக்க வேண்டும். எந்த ஊருக்கு எது இல்லையோ அதுவே அவ்வூர் நாயகனின் ஆற்றலாகவும் பலவீனமாகவும் உருக்கொள்ளும்போது மக்கள் அவனை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் கயிறு தெரிந்தாலும் சாயம் உதிர்ந்தாலும் பொருட்படுத்தமாட்டார்கள். அது வராதபோதுதான் அதை ஈடுகட்டப் பணம் தேவைப்படுகிறது.

இவ்வகை நாயகர்களுள் முதல்வனாகிய சூப்பர்மேனின் தொடக்கமே இதற்குச் சான்று. குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகளான ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் கிளீவ்லாந்து நகரில் பள்ளியில் படிக்கையில் நண்பரானவர்கள். பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் காலத்தில் உருவாக்கிய அக்கதைமாந்தனின் உரிமையை 1938இல் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அவ்வாண்டு வந்த தொடக்கக் கதைகளில் சூப்பர்மேன் விண்வெளிப் பகைவர்களோடு போர் புரிந்துகொண்டிருக்கவில்லை. மனைவியை அடிப்பவனைத் தண்டிக்கிறான். மூன்றாம் இதழில், தொழிலாளர் பாதுகாப்பைப் புறக்கணித்த சுரங்க முதலாளியை அவனது சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைத்துப் பாடம் புகட்டுகிறான். நம் பிள்ளைகளின் கிரஷர் கதைக்கும் இதற்கும் இடையே கடல்களும் பல பத்தாண்டுகளும் கிடக்கின்றன. அம்மூவரும் அவ்விதழைக் கண்டிருக்க வாய்ப்பேயில்லை. இருந்தும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

அந்தச் சூப்பர்மேனே பின்னர் மகாராஷ்டிரத்தின் மாலேகானுக்கு வந்தான். விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடும் ஊர் அது. காணொளிக் கூடம் நடத்திவந்த ஷேக் நாசிர் அங்கே சொந்தமாகப் படமெடுக்கத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் 'ஷோலே'யை மாலேகானுக்கேற்ப மாற்றியெடுத்த பின், சூப்பர்மேனைக் கையிலெடுத்தார். நாயகனாக நடித்த ஷஃபீக் விசைத்தறித் தொழிலாளி. காற்றடித்தால் பறந்துவிடுவாரோ என எண்ணவைக்கும் மெல்லிய உடல். படமெடுத்த கதையை ஃபைசா அகமது கான் 'மாலேகானின் சூப்பர்மேன்கள்' என்னும் ஆவணப்படமாக 2008இல் ஆக்கினார். இந்தியத் திரையரங்குகளுக்கு அது 2012இல்தான் வந்தது. படக்கருவியை நகர்த்த மிதிவண்டியும், உயர்த்தித் தாழ்த்த மாட்டுவண்டியும், பறக்கும் காட்சிக்குப் பச்சைத் துணியும் பயன்பட்டதை அதில் காணலாம். இருந்த ஒரே படக்கருவியும் நடுவில் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. ரீமா காக்தியின் 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' இவர்கள் வாழ்வையே கதையாக்கி 2025இல் திரைக்கு வந்தது.

ஆனால் மிதிவண்டியும் மாட்டுவண்டியும் அல்ல நாம் கருத வேண்டியவை. மாலேகானின் சூப்பர்மேனுக்கு ஊரின் தூசியால் மூச்சிரைப்பு. அவனுடைய பகைவனோ அழுக்கை நேசிப்பவன். ஊர் மக்களின் நுரையீரலே அங்கே நாயகனாயிற்று. கிரிப்டான் என்னும் கோளின் கல்லுக்கு அஞ்சும் நாயகனை மாலேகான் வேடிக்கை பார்த்திருக்கும். பஞ்சுத் தூசிக்கு இருமும் நாயகனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

செலவு குறைவு என்பதாலேயே ஒரு படம் உயர்ந்துவிடுமா என்றால், இல்லை. அமெரிக்காவில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்னும் காமிக்ஸை ரோஜர் கார்மன் ஏறத்தாழப் பத்து லட்சம் டாலரில் படமாக்கினார். 1994இல் வெளிவரவிருந்த அப்படம் இன்றுவரை முறையாக வெளியிடப்படவில்லை. படமாக்கும் உரிமை காலாவதியாகிவிடாமல் காப்பதற்காக எடுக்கப்பட்டது என்பதே அதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது. நடிகர்கள் மெய்யாகவே உழைத்தார்கள்; ஊர்ஊராகப் போய் விளம்பரமும் செய்தார்கள். பார்ப்பவருக்காக எடுக்கப்படும் எளிய படமும் பத்திரத்துக்காக எடுக்கப்படும் எளிய படமும் செலவுக் கணக்கில் ஒன்றாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே இனமல்ல.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தமிழில் முகமூடி நாயகர்களுக்குக் குறைவில்லை. 'கந்தசாமி' 2009இலும் மிஷ்கினின் 'முகமூடி' 2012இலும் வந்தன. இவற்றின் தொழில்நேர்த்தியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்நாயகர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டால் படம் பார்த்தவர்கள் சற்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். 2023இல் வந்த மடோன் அஷ்வினின் 'மாவீரன்' இதில் மாறுபட்டது. அதன் நாயகன் நாளிதழுக்குச் சித்திரக்கதை வரைபவன், குடிசையை இழந்து, தொட்டால் உதிரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேற்றப்பட்டவன், எதற்கும் அஞ்சுபவன். சுவர் பெயர்ந்து விழும் வீடு என்பது சென்னை அறிந்த மெய். அதனால்தான் அவன் காதில் ஒலிக்கும் குரலையும் மக்கள் நம்பினார்கள் என்பது நம் துணிபு.

மலையாளத்தில் 2021இல் வந்த 'மின்னல் முரளி'யைத் தமிழ் வாசகர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் கொள்ள வேண்டும். மின்னல் தாக்கி ஆற்றல் பெறும் இருவருள் ஒருவன் தையற்காரன். மற்றவன் ஊரே ஏளனம் செய்யும் ஷிபு. படத்தின் உயிர் ஷிபுதான் என்று பலரும் எழுதினார்கள். அப்பாத்திரத்தில் நடித்த குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையில் பயின்றவர். ந. முத்துசாமி 1977இல் நிறுவிய அவ்வமைப்பு, தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன நாடகத்துக்குக் கொண்டுசெல்ல முயன்ற ஒன்று. ஓர் இந்தியச் சாகசப் படத்தில் நாம் மறக்கவியலாத எதிர்நாயகனின் வேர் கூத்துக் களத்தில் கிடக்கிறது என்பது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஏனெனில் செஞ்சி வட்டாரத்தில் பிறந்தவனுக்குச் செலவில்லாத அற்புதம் புதிதன்று. திரௌபதி வழிபாட்டின் ஊற்றுக்கண்ணாகக் கருதப்படும் மேலச்சேரி இங்கேதான் உள்ளது. அவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைடல், 1988இல் வந்த தம் நூலின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருட்சேத்திரத்துக்கு வழி போட்டுக் காட்டினார். கூத்தில் வேடதாரியின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து, தான் இன்னாரென்று தானே பாடியபடி நாயகன் வருவான். அர்ச்சுனன் தபசில் நடிகர் நெடிய கம்பத்தில் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே நிற்கும் ஆயிரம் பேருக்கும் அது கம்பம் என்பது தெரியும். அது கயிலை என்பதும் தெரியும். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டி மடியேந்தி வாங்குகிறார்கள் பெண்கள். இதைவிடச் சிறந்த பறக்கும் காட்சியை எந்த இயந்திரம் எடுத்துவிடும்?

நாம் பிறந்த தளவானூரையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் எங்கள் ஊர்ப் பாறையில் உள்ளது. சத்ருமல்லன் என்னும் தன் பட்டப்பெயரையே அதற்குச் சூட்டினான்: பகைவரோடு மற்போர் புரிபவன். அவனுடைய பட்டப்பெயர்கள் பல. சித்திரகாரப்புலி என்பதும் அவற்றுள் ஒன்று. எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவிலில்லாத மண்டகப்பட்டில் அவன் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அக்கோயில் ஆக்கப்பட்டதைப் பெருமையாகச் சொல்கிறது. வழக்கமாகத் தேவைப்படும் நான்கு பொருளையும் விலக்கிவிட்டு, மலையை மட்டும் வைத்துக்கொண்டவன் அவன். அரசனுக்குப் பொருட்பஞ்சம் இல்லை என்பதை மறக்கவில்லை. அவனது விலக்கலும் ஏழை மாணவனின் இல்லாமையும் ஒன்றாகிவிடா. எனினும் இல்லாதவற்றின் பட்டியலை ஒரு படைப்பின் குறையாக அல்லாமல் அதன் அடையாளமாகப் பொறித்துவைக்கலாம் என்பதை எங்கள் பாறைகள் பலநூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அப்பாறைகளைக் காட்டிப் பாடம் நடத்திய நாம்தாம், நாலாயிர ரூபாய்க் கணக்கைக் கண்டு சிரித்தோம்.

இவ்விடத்தில் எதிர்வாதங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வறுமையைப் போற்றிப் பாடுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். அக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. மாலேகானின் சூப்பர்மேனாக நடித்த ஷஃபீக் 2011இல் வாய்ப்புற்றுநோயால் இறந்துபோனார். ஊரின் மூச்சைக் காக்கப் பறந்தவரைக் காப்பாற்ற ஒருவராலும் முடியவில்லை. ஆவணப்படத்தைப் பார்த்துச் சிரித்து நெகிழ்ந்து கைதட்டிய நம் போன்றோர் அதன்பின் என்ன செய்தோம் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே, ஏழ்மையில் எடுங்கள், அதுவே கலைக்கு நல்லது என்று எந்த இளைஞனுக்கும் நாம் சொல்லத் துணியோம். பணம் கிடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் வரும்வரை கதையைப் பூட்டிவைக்க வேண்டாம் என்பதே நாம் சொல்ல விழைவது.

உரிமைச் சிக்கலும் உண்டு. மாயாவி இன்றும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் உடைமை. மாணவர் படத்தைக் காசுக்கு விற்க முடியாது, விற்கவும் கூடாது. சீகலும் ஷுஸ்டரும் 130 டாலருக்குத் தங்கள் படைப்பை இழந்துவிட்டுப் பின்னாளில் ஆண்டாண்டாய் வழக்காடியதை அறிந்த எவரும் படைப்பாளியின் உரிமையை எளிதாக ஒதுக்கிவிட மாட்டார். ஆனால் கிரஷரும் பதிவேடும் மின்வெட்டும் எவருடைய உடைமையும் அல்ல. எஃகுக் கையை எடுத்துவிட்டாலும் அப்பிள்ளைகளின் கதை நிற்கும். பிறர் நாயகனிடமிருந்து தொடங்கித் தம் நாயகனை அடைந்தவர்கள் அவர்கள். வியாசரின் பாரதத்தில் தொடங்கிய கூத்து, வியாசர் கேட்டிராத போத்துராஜாவையும் முத்தாலராவுத்தனையும் திரௌபதியின் காவலர்களாக்கியதும் இவ்வழியில்தான்.

மூன்றாவது வாதம் நம் துறையினருடையது: காமிக்ஸ் இலக்கியமா? நாமும் இதைக் கேட்டவர்கள்தாம் என்பதால் விடை சொல்லும் கடமை உண்டு. இலக்கியம் என்னும் பட்டம் அதற்குத் தேவையா என்பதே நமக்கு இப்போது ஐயம். தேசிங்குராஜன் கதைப்பாடலையும் ஒருகாலத்தில் புலவர்கள் பெரிய எழுத்துப் புத்தகம் என்று தள்ளிவைத்தார்கள். 1714இல் ஆர்க்காட்டுப் படையோடு பொருது மடிந்த ஓர் இளைஞனை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது எது? எம்.ஜி.ஆர். நடித்து 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படமும் அப்பாடல் போட்ட பாதையில்தான் நடந்தது. மலிவுத் தாளில் அச்சாகி, சந்தையில் விற்று, திண்ணையில் படிக்கப்பட்டது அது. அதை இன்று நாட்டார் இலக்கியம் என்று பாடத்திட்டத்தில் வைத்து மதிப்பெண் போடுகிறோம். மலிவுத் தாளில் வந்த அடுத்த நாயகனை மட்டும் வாசலில் நிறுத்துகிறோம். தாள் பழுப்பேறும்வரை காத்திருப்பதுதான் திறனாய்வா?

எனவே, இரும்புக்கை மாயாவி எப்போது திரைக்கு வருவான் என்று காத்திருக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுதான் உண்டு. அவன் என்றேனும் பெருஞ்செலவில் வரக்கூடும். நாமும் முதல்நாளே போய்ப் பார்ப்போம், ஐயமில்லை. அப்போது கை எவ்வளவு பளபளக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், அது யாருடைய கை, எங்கே போயிற்று, அவன் மறைந்தபின் யார் கண்ணுக்கு முதலில் தெரியாமற்போனான் என்றும் கேட்போம். இக்கேள்விகளுக்கு விடையிருந்தால் தகரக் கையே போதும். இல்லையேல் எஃகு எத்தனை கோடி பெற்றாலும் அது வெறும் அணிகலன்.

அம்மூவரில் ஒருவன் இப்போது ஒரகடத்தில் தொழிற்சாலைப் பணியில் இருக்கிறான். அண்மையில் அவனைத் தொலைபேசியில் அழைத்து, படத்தின் படி இருக்கிறதா, இவ்வாண்டு மன்ற விழாவில் திரையிட விரும்புகிறோம் என்றோம். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "இப்ப எதுக்குங்கய்யா?" என்று கேட்டான். அக்கேள்விக்கு உரிய விடை நம்மிடம் இல்லை. அன்று பார்க்காமல் அனுப்பியது தவறு என்று மட்டும் சொன்னோம். மறுநாள் படத்தை அனுப்பிவைத்திருந்தான். கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: படம் பூரா இருட்டு, வெளிச்சம் வந்தால் எதுவுமே தெரியாது, இடத்தை நன்றாக மறைத்துவிட்டுப் போடுங்கள்.

மன்ற அரங்கில் பெரிய சன்னல்கள் எட்டு. திரைச்சீலை எதற்கும் இல்லை. நாடகத்துக்கு வாங்கிய கறுப்புப் படுதாக்கள் கிடங்கில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றைத் தேடி எடுத்துத் துவைக்கக் கொடுத்திருக்கிறோம்.